எங்கள் கிணற்றிலிருந்து போன கல்: தொல்லுயிர் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நான் வேதாளைக்காரி. ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்குச் சற்று மேற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். என் வாப்பா நாற்பது வருசத்துக்கு மேல் சங்கு குளித்தவர்.

இந்த மடலை ஆங்கிலத்தில் எழுது, இல்லாவிட்டால் யார் படிப்பார்கள் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் சொன்னார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். உங்கள் குழுக்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அரியலூர்ப் புதைபடிவக் கல்லையும் எங்கள் கரைப் பவளத்தையும் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு அவர்கள் எடுத்துச் சொல்லட்டும். இத்தனை காலமும் உங்கள் மொழியில் வந்ததை நாங்கள்தான் எழுத்துக்கூட்டிப் படித்துப் புரிந்துகொண்டோம். ஒரு தடவை மறுபக்கமும் நடக்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2008 கோடையில் வீட்டுக்குப் பின்னால் கிணறு தோண்டினோம். எங்கள் பக்கம் கிணறு என்றால் ஆழமாகப் போகாது. மணலைத் தோண்டி சிமெண்ட் உறை இறக்குவோம். ரொம்ப ஆழம் போனால் தண்ணீரில் உப்பு ஏறிவிடும். ஒன்றரை ஆள் ஆழத்தில் கடப்பாரை ‘ணங்’ என்றது. முருகைக்கல் என்றார் வாப்பா. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் கரையில் பழைய வீட்டுச் சுவர்கள், தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகும் நிற்கிற தேவாலயச் சுவர் எல்லாமே முருகைக்கல்தான். பூச்சு உதிர்ந்த இடத்தில் கையை வைத்தால் பவளத்தின் வரிகள் விரலில் தட்டும்.

ஆனால் இது உடைந்து வந்து ஒதுங்கிய கல் இல்லை. வளர்ந்த இடத்தில் வளர்ந்தபடியே நின்றது. ஆட்டுரலை விடப் பெரிது. பக்கவாட்டில் ஊசி முனையால் குத்திக் குத்தி எடுத்ததுபோல நுண்துளைகள். தலை மட்டும் தட்டை, அரம் வைத்துத் தேய்த்த மாதிரி. ஒரு பக்கத்தில் ஒரு சிப்பி, கல்லுக்குள்ளேயே புதைந்து, இரண்டு உதடும் லேசாகத் திறந்தபடி இருந்தது. உள்ளே மணல் அடைத்திருந்தது.

செய்தி எப்படியோ மண்டபத்தில் தங்கியிருந்த ஓர் ஆய்வுக்குழுவுக்குப் போய்விட்டது. நான்கு பேர் வந்தார்கள். ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர், வெளிமாநில நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டு பேர், ஒரு தமிழ் மாணவர். நான் அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாணவர் அளவெடுக்கப் போய்விடுகிற நேரமெல்லாம் நான்தான் மொழிபெயர்த்தேன். மூன்று நாள் வந்தார்கள். உம்மா மூன்று நாளும் தேநீரும் பொரித்த மீனும் கொடுத்தார். வாப்பாவும் சாச்சாவும் பனைமரத்துண்டைக் குறுக்கே போட்டு, கயிறு கட்டி, அந்தக் கல்லை நொறுங்காமல் மேலே ஏற்றினார்கள். சங்கு வலைப்பையைத் தூக்குவதைப்போல அவ்வளவு பதமாகத் தூக்கினார்கள்.

தலை ஏன் தட்டையாக இருக்கிறது என்று பேராசிரியர் தன் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். வாப்பா என்னிடம் சொன்னார்: “கடல் வத்துறப்போ தலை வெளிய தெரிஞ்சா பவளம் காஞ்சு செத்துரும்மா. அதான் மேல போகாம பக்கவாட்டுல வளந்திருக்கு. அந்தக் காலத்துல தண்ணி இந்த மட்டத்துலதான் நின்னிருக்கு.” நான் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் தலையசைத்தார், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் வாப்பா அந்தச் சிப்பியின் உதட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது உசுரோட இருக்கும்போதே கல்லு இதச் சுத்தி வளந்திருக்கு” என்றார். அதையும் சொன்னேன். அதுவும் குறிப்பேட்டில் ஏறியது.

வாப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி. இது எத்தனை வருசத்துக் கல்? கண்டுபிடித்து எழுதுகிறோம் என்றார்கள். துணிப்பையில் சுற்றி, கறுப்பு மார்க்கரால் ஓர் எண் எழுதி, ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த எண்ணை என் நோட்டில் நானும் குறித்துக்கொண்டேன்.

ஒரு கடிதமும் வரவில்லை.

2015இல் பாடத்துக்காக எதையோ தேடிக்கொண்டிருந்தபோது கட்டுரை கண்ணில் பட்டது. முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்க நாற்பது டாலர் கேட்டது. அன்றைய கணக்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். பெரிய நிறுவனம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த தோழி எடுத்து அனுப்பினாள். எங்கள் கல் மூன்றாவது படத்தில் இருந்தது, பக்கத்தில் அளவுகோலோடு. ஊர்ப் பெயர் தப்பாக இருந்தது. தலை தட்டையாக இருப்பதன் காரணமும் அதை வைத்துப் பழைய கடல்மட்டத்தைக் கணித்ததும்தான் கட்டுரையின் மையம். சிப்பி உயிரோடு இருக்கும்போதே பவளம் சூழ்ந்து வளர்ந்தது என்பது படத்தின் கீழே ஒரு வரி. கடைசியில் நன்றியுரை: நிதி தந்தவர்கள், கருவி தந்தவர்கள், வரைபடம் போட்டவர், எல்லோருக்கும் பெயர் இருந்தது. எங்களுக்கு, “களப்பணியில் உதவிய உள்ளூர் மீனவர்களுக்கு நன்றி.” கல் இப்போது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று எந்த இடத்திலும் இல்லை.

கல்லின் வயது நாலாயிரம் வருசம் என்று கட்டுரையில் இருந்தது. அந்த வயதுப் பவளத்தைப் புதைபடிவம் என்று ஒத்துக்கொள்ளவே உங்களில் சிலர் தயங்குவீர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளை எண்ணுகிறவர்களுக்கு இது நேற்று. சரி, அப்படியே இருக்கட்டும். கல்லின் வயது எதுவானாலும் அது போன வழி ஒன்றுதான்.

அந்தக் கட்டுரையில் என் மனதில் தைத்த சொல் “கிடைத்தது”. ஒரு கிணற்றிலிருந்து கிடைத்தது. யாருக்குக் கிடைத்தது? யார் தோண்டினார், யார் உடைக்காமல் நிறுத்தினார், யார் மேலே ஏற்றினார்? இந்த வினைச்சொல்லுக்கு எழுவாய் இல்லாமலே உங்கள் இதழ்கள் இருநூறு வருசமாக நடக்கின்றன. பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த ஒரு சொல்லால்தான்.

எங்கள் கடலிலிருந்தே தொடங்குகிறேன். 1902இல் இலங்கை அரசுக்காக முத்துச் சிப்பிகளை ஆராய இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். உடன் ஜேம்ஸ் ஹார்னெல். மன்னார் வளைகுடா பற்றிய அவர்களுடைய அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. அருமையான வேலை, நான் மறுக்கவில்லை. ஆனால் முத்துச் சலாபம் என்கிற முத்துக்குளிப்பே குளியாட்களின் மூச்சில் நடந்த தொழில். எங்கள் கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். சிப்பி எங்கே அடர்த்தி, எந்தப் பாரில், அதாவது கடலடித் திட்டில், மணல் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன சேதி. விலங்கியல் படித்த எல்லோருக்கும் ஹெர்ட்மேனியா என்ற கடலுயிரைத் தெரியும். படம் வரைந்து பாகம் குறிக்காமல் நான் பட்டம் வாங்கவில்லை. அந்த உயிரினத்தில் இருப்பது அவர் பெயர்தான். மூழ்கிச் சிப்பி எடுத்த குளியாட்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

புதைபடிவங்களுக்கு வந்தால் கதை இன்னும் பழையது. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துச் சிப்பிகளையும், சுருள் ஓடு கொண்ட கடலுயிர்களான அம்மோனைட்டுகளையும் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அங்கே இருந்தபடியே அவற்றை விவரித்து 1846இல் வெளியிட்டார். ஓர் உயிரினத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்தக் கல்லை முன்னால் வைத்துப் பெயர் வைத்தார்களோ அதுதான் அந்தப் பெயருக்கு என்றைக்கும் ஆதாரம். அந்த மூலமாதிரிகள் லண்டனில். ஆகவே இன்றைக்கு அரியலூர்ப் பையன் ஒருவன் தன் வயலில் கிடந்த அம்மோனைட் ஃபோர்ப்ஸ் சொன்ன அதே இனம்தானா என்று உறுதிசெய்ய வேண்டுமென்றால், தன் ஊர்க் கல்லைப் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டும். விசாவுக்கு நிற்க வேண்டும். காலனியம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விசா வரிசைதான் ஞாபகம் வரும்.

ஆப்பிரிக்காவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. இன்றைய தான்சானியாவின் தெற்கே தெண்டகுரு என்ற இடம். 1909 முதல் 1913 வரை ஜெர்மானியர்கள் அங்கே தோண்டினார்கள். அதற்குச் சில வருசம் முன்புதான் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக அந்தப் பகுதி மக்கள் நடத்திய மாஜி மாஜி எழுச்சியை ஜெர்மன் படை நசுக்கியிருந்தது. நூற்றுக்கணக்கான உள்ளூர் ஆட்கள் தோண்டி, தலையிலும் தோளிலும் சுமந்து லிண்டி துறைமுகத்துக்கு நடந்தார்கள். இருநூறு டன்னுக்கு மேல் புதைபடிவங்கள் பெர்லினுக்குப் போயின. இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் பதின்மூன்று மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற டைனோசர் அங்கிருந்து போனதுதான். அந்தப் பணியில் மேற்பார்வையாளராக இருந்தவர் போஹெத்தி பின் அம்ரானி. அவர் பெயரை ஒரு டைனோசருக்கு வைத்தது 2007இல். கிட்டத்தட்ட நூறு வருசம் கழித்து. நான் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: “சுமந்தவங்க பேரு, டீச்சர்?” எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, இப்போது யார் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். பிரேசிலின் அராரிபே பகுதியிலிருந்து வந்த ஒரு சின்ன டைனோசர், கோழி அளவுதான் இருக்கும், முதுகில் பிடரி மயிர் போன்ற இழைகள். உபிராஜாரா என்று பெயர் வைத்து உங்கள் துறையின் ஓர் இதழில் கட்டுரை வந்தது. கல் இருந்ததோ ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ அருங்காட்சியகத்தில். கட்டுரையின் ஆசிரியர்களில் ஒரு பிரேசில்காரர்கூட இல்லை. புதைபடிவங்கள் அரசின் உடைமை என்று அந்த நாட்டில் 1942 முதலே சட்டம் இருக்கிறது. அந்தப் பெயர் துப்பி என்கிற பழங்குடி மொழிச் சொல், ஈட்டிக்குத் தலைவன் என்று அர்த்தமாம். கல்லை எடுத்துக்கொண்டவர்கள் சொல்லையும் அந்த மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். பிரேசில் ஆய்வாளர்களும் சாதாரண ஜனங்களும் சமூக ஊடகத்தில் விடாமல் கேட்டார்கள். இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2023இல் கல் ஊர் போய்ச் சேர்ந்தது. அராரிபே பகுதியிலேயே சந்தானா டோ காரிரி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இப்போது இருக்கிறது.

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முடியும் என்று தெரிந்துவிட்டதே! கட்டுரையை வெளியிடவும் நிறுத்தவும் திரும்பப் பெறவும் அதிகாரம் இருப்பது உங்களிடம். நீதிமன்றமும் தூதரகமும் வருசக்கணக்காக இழுக்கிற விஷயத்தில், ஓர் இதழின் ஆசிரியர் குழு ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மியான்மர் அம்பரில் இதைப் பார்த்தோம். (எங்கள் கரையில் அம்பர் என்றால் திமிங்கிலத்திலிருந்து வருவதைத்தான் சொல்வார்கள். இது வேறு, கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கல்லான மரப்பிசின்.) கச்சின் மாநிலச் சுரங்கங்களைச் சுற்றி உள்நாட்டுச் சண்டை. 2017இல் ராணுவம் அந்தப் பகுதியைப் பிடித்தது. அம்பர் விற்ற காசு யார் கையில் போய் எந்தத் துப்பாக்கியாக மாறுகிறது என்ற கவலையில், 2020இல் முதுகெலும்புள்ள தொல்லுயிர்களை ஆராய்கிறவர்களின் சர்வதேசச் சங்கமே ஆய்விதழ்களுக்கு எழுதி, அந்தக் காலத்துக்குப் பின் வாங்கிய அம்பரை வைத்து வரும் கட்டுரைகளை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. கேட்டவர்கள் உங்கள் ஆட்கள்தான். நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை.

நுஸைபா ராஜா, எம்மா டன் முதலிய ஆய்வாளர்கள் சில வருசத்துக்கு முன் ஒரு கணக்கு எடுத்தார்கள். முப்பது ஆண்டுகளில் உலகத் தொல்லுயிர்த் தரவுத்தளத்தில் சேர்ந்த தகவலில் 97 சதவீதம் பணக்கார நாடுகளிலும் ஓரளவு வசதியான நாடுகளிலும் இருக்கும் ஆய்வாளர்கள் மூலம் வந்தது. கல் எங்கே கிடக்கிறது என்பதற்கும் அதைப் பற்றி எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம். இதில் நியாயம் மட்டும் அடிபடவில்லை, அறிவியலும் அடிபடுகிறது. யார் போக முடிகிறதோ அங்கேதான் தோண்டுகிறார்கள். மற்ற இடங்களில் உயிரினமே இல்லாததுபோல உலக வரைபடத்தில் வெற்றிடம் விழுகிறது.

உங்கள் பக்கத்து வாதம் ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். உங்கள் ஊரிலேயே விட்டால் பாதுகாப்பீர்களா? அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ் எலும்புகளை நினைத்தால் எனக்கு வாயடைத்துப் போகும். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று 1980களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் எழுதியது. மழையீரத்தில் அந்த எலும்புகள் சிதைந்து போய்விட்டன. இன்று மிச்சம் படங்களும் அளவுகளும்தான். இது நம் தவறு, மறைப்பதற்கில்லை. ஆனால் பத்திரமாக இருக்கும் என்று கொண்டுபோன இடத்திலும் என்ன நடந்தது? எகிப்துப் பாலைவனத்தில் 1912இல் எடுத்த ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் மூலமாதிரியை மியூனிக்கில் வைத்திருந்தார்கள். 1944 ஏப்ரலில் விழுந்த குண்டில் அது எரிந்து போனது. எகிப்துக்காரர்கள் இனி அதைப் போய்ப் பார்க்கவும் முடியாது. பாதுகாப்பு என்பது கட்டடமும் குளிர்சாதனமும் சம்பளம் வாங்குகிற ஆளும் சேர்ந்து வருவது. அதற்குப் பணம் வேண்டும். ஆய்வுக்கு வரும் நிதியில் ஒரு பங்கு கல் பிறந்த ஊருக்கும் வந்திருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது.

எங்கள் கரை வெறுமனே மாதிரி எடுக்கிற இடம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாக வைத்து நடந்தது. 1971இல்தான் தலைமையிடம் கொச்சிக்குப் போனது. உலகப் பவளப்பாறை ஆய்வாளர்களின் முதல் சர்வதேசக் கருத்தரங்கு 1969 ஜனவரியில் நடந்ததும் மண்டபம் முகாமில்தான். இன்று உலகமெங்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் கூடுகிற அந்தக் கருத்தரங்கு வரிசையின் முதல் எண் எங்கள் ஊருக்குப் பக்கத்தில். மேலே எழும்பி நிற்கும் எங்கள் பவளப்பாறைகளைப் பற்றி ‘ராமநாதபுரத்தின் உயர்ந்த பாறைகள்’ என்ற கட்டுரை 1972இல் வந்தபோது, கேம்பிரிட்ஜின் டேவிட் ஸ்டோடார்ட் பெயரோடு மண்டபத்தில் வேலை பார்த்த சி. எஸ். கோபிநாத பிள்ளை பெயரும் சேர்ந்து வந்தது. அம்பது வருசத்துக்கு முன்னால் முடிந்த காரியம். பிள்ளை அவர்கள் எழுதியவற்றில் நிறைய இன்றும் அந்த நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. என் மாணவர்கள் கைப்பேசியில் இறக்கிப் படிக்கிறார்கள், அரைகுறையாகப் புரிந்தாலும்.

அதை நினைத்துக்கொண்டு இன்றைய நிலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உலகின் பெயர்பெற்ற ஓர் இதழ், கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட 2021இலிருந்து கேட்ட கட்டணம் 9,500 யூரோ. எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல்! எழுதுகிறவர் கட்டாவிட்டால் படிக்கிறவர் கட்ட வேண்டும். 2025இலிருந்து இந்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. நல்லது. பள்ளி ஆசிரியைக்கும் சங்கு குளிப்பவருக்கும் அந்தக் கதவில் சாவி இல்லை. எங்கள் கிணற்றைப் பற்றி எழுதியதைப் படிக்க நாங்கள் இன்னும் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும்.

நம்மவர்களையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதிதான். எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு பேரில் மூன்று பேர் இந்தியர்கள். வெளிநாட்டுக்காரர் நம்மிடம் செய்வதை நம் பெரிய நகரத்து நிறுவனங்கள் கடற்கரைக் கிராமங்களில் அப்படியே செய்கின்றன. படகு வாடகைக்கு, வழிகாட்ட ஆள், மூழ்க ஆள், பாசி எடுக்கிற பெண்களிடம் இரண்டு மணி நேரப் பேச்சு, அப்புறம் தொடர்பே இல்லை. நாங்களும் சுத்தமானவர்கள் இல்லை. ஒரு காலத்தில் முருகைக்கல்லை வெட்டிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். வளைகுடாவின் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போனதில் அந்த வெட்டுக்கும் பங்கு உண்டு. 2001இலிருந்து கல் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிருள்ள பவளத்தில் கை வைத்தால் சிறை என்று இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் கட்டுப்பட்டோம். மண்ணுக்குள் இருக்கிற பழைய உயிர்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2022 டிசம்பரில் புவிப் பாரம்பரியத்துக்கென ஒரு மசோதாவின் வரைவை மத்திய அரசு வெளியிட்டது. அதிகாரம் முழுவதையும் ஒரே துறையிடம் கொடுக்கிறது என்று ஆய்வாளர்களே குறை சொன்னார்கள். எனக்கு அதில் பட்ட குறை இன்னொன்று. நிலத்தில் குடியிருக்கிறவருக்கு அதில் என்ன இடம் என்று யாரும் பேசவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுரை அனுப்புகிறவரிடம் நீங்கள் ஏற்கெனவே ஆயிரம் கேட்கிறீர்கள். நிதி எங்கிருந்து, யார் எழுதினார், யார் கணக்குப் போட்டார், யாருக்கு யாரோடு பணத் தொடர்பு, எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்தில் இந்தக் கல்லை முதலில் கண்டவர் யார், யார் நிலத்தில், யார் அனுமதியோடு எடுத்தது, இப்போது எந்த ஊரில் எந்த அலமாரியில் என்ன எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் மதிப்பீட்டுக்கு அனுப்பாதீர்கள். கடைசிக் கேள்விக்கு அறிவியலுக்கே தேவை இருக்கிறது. கல்லைத் திரும்பப் பார்க்க முடியாவிட்டால் அந்தக் கட்டுரையை யார் சரிபார்ப்பது?

வாப்பாவைக் கட்டுரையின் ஆசிரியராகப் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அந்த ஆசை கிடையாது. ஆனால் வேறொரு பேராசிரியர் தொலைபேசியில் ஒரு கருத்துச் சொன்னால், ‘நேர்ப்பேச்சில் சொன்னது’ என்று அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுகிறீர்கள். அந்த அடைப்புக்குறி சங்கு குளிப்பவருக்கும் திறக்கலாம். பவளத்தின் தலை ஏன் தட்டை என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. நாற்பது வருசம் தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். எந்த ஊரில் எடுத்தீர்களோ அந்த ஊர் மொழியில் ஒரு பக்கம். மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்புகிற ஒரு பக்கம் வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்திய ஒரு பக்கம். பணம் கட்டாமல் படிக்கக்கூடியதாக, கட்டுரையோடு சேர்ந்தே வரட்டும். எத்தனை வருசத்துக் கல், கடல் அப்போது எங்கே நின்றது, இனி எங்கே ஏறும் என்று நினைக்கிறீர்கள். இந்த மூன்றாவதைத் தெரிந்துகொள்ள எங்களை விட அவசரம் யாருக்கு? வீடு இருப்பது கரையில்.

கடைசியாக, ஒரே ஓர் இதழுக்கு. பெயர் சொல்லவில்லை. 2008இல் வேதாளைக் கிணற்றில் எடுத்த, தலை தட்டையான, பக்கவாட்டில் ஒரு சிப்பி புதைந்த பவளத்தைப் படம் 3ஆக வெளியிட்டவர்கள் நீங்கள் என்றால், துணிப்பையில் எழுதிய எண் என்னிடம் இருக்கிறது. கட்டுரை எழுதியவர்களுக்கு மூன்று தடவை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டால் பதில் சொல்வார்கள். வயதை அறிய ஒரு துண்டைப் பொடியாக்கியிருப்பார்கள், அது எனக்குப் புரிகிறது. மிச்சம் எங்கே?

வாப்பாவுக்கு எழுபத்தாறு வயது. காது மந்தம், சங்கு குளித்த பலருக்கும் அப்படித்தான். கட்டுரையில் இருந்த வயதை நான்தான் அவரிடம் சொன்னேன், ஏழு வருசம் கழித்து. “அந்தச் சிப்பி உடையாம இருக்காம்மா?” என்று கேட்டார். போன மாதமும் கேட்டார்.

இப்படிக்கு,
வேதாளையிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை